காற்றையும் கதிரையும் அளந்த அம்மையார்

நமது இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்று மேற்கே நோக்கினால் கண்ணில் படுவது மலை. ஆனி, ஆடி மாதங்களில் அதன் முகட்டில் கருமேகங்கள் வந்து கூடும். மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். இந்தப் பக்கம் நமக்கு வந்து சேர்வது காற்றும், எப்போதாவது சாரலும் தான். நமக்குரிய மழை ஐப்பசியில் தான் வரும். மலை ஒன்றே, காற்றும் ஒன்றே, ஆனால் இரு பக்கத்துக்கும் இரு வேறு பருவங்கள்.

ஏன் இப்படி என்று சிறு வயதில் கேட்காதவர் நம்மில் இல்லை. கேட்டதோடு நில்லாமல் கருவியை எடுத்து அளந்து பார்த்தவர்கள் வெகு சிலரே. காற்று, மழை, வெயில், ஓசோன், தூசி ஆகியவற்றை அளப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவர், இந்த மலைக்கு அந்தப் பக்கத்தில் பிறந்தார். வரைபடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் வரும் பீர்மேடு தான் அவருடைய ஊர். அவரே இந்திய வானிலைக் கருவிகளின் வரலாற்றில் முதலிடம் பெறத்தக்க அன்னா மாணி அம்மையார்.

வானிலை விஞ்ஞானம் என்றதும் நமக்குப் புயல் எச்சரிக்கை தான் நினைவுக்கு வரும். ஆனால் எச்சரிக்கைக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. கணக்குக்குப் பின்னால் அளவு இருக்கிறது. அளவுக்குப் பின்னால் கருவி இருக்கிறது. கருவி பொய் சொன்னால் மேலே உள்ளவை எல்லாம் பொய்யாகும். இந்த எளிய உண்மைக்காகவே ஒரு பெண்மணி தம் வாழ்வைக் கொடுத்தார் என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

அன்னா மாணி 1918ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்தார். தந்தையார் பொறியியல் வல்லுநர். ஏலத் தோட்டங்களுக்கு உரிமையாளர். எட்டுக் குழந்தைகளில் அன்னா ஏழாமவர். வசதி மிக்க சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். ஆண் பிள்ளைகளை உயர்ந்த பதவிகளுக்கும் பெண் பிள்ளைகளைத் திருமணத்துக்கும் ஆயத்தம் செய்வதே அன்றைய வழக்கம். ஆனால் அன்னாவின் நாட்டமெல்லாம் புத்தகத்தின் மேல் இருந்தது. எட்டு வயதுக்குள் ஊர்ப் பொது நூலகத்தில் இருந்த மலையாள நூல்களை அநேகமாக முழுவதும் படித்து விட்டார். பன்னிரண்டு வயதுக்குள் ஆங்கில நூல்களையும் அவ்வாறே முடித்தார்.

அவருடைய எட்டாவது பிறந்த நாளில் நிகழ்ந்த ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. குடும்ப வழக்கப்படி அவருக்கு வைரத் தோடு பரிசளிக்க முன்வந்தனர். சிறுமி அதை வேண்டாமென்று மறுத்து, அதற்குப் பதிலாகப் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேண்டுமென்று கேட்டுப் பெற்றார். வைரத்தைக் காதில் அணிய மறுத்த இவரே, பின்னாளில் வைரங்களைக் கருவியின் முன் வைத்து ஆராய்ந்தார் என்பது சுவையான செய்தி.

வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்து கொண்டிருந்த 1925ஆம் ஆண்டில் காந்தியடிகள் அங்கே வந்தார். அவருடைய கொள்கை சிறுமியின் மனத்தில் ஆழப் பதிந்தது. அன்று முதல் கதர் உடுத்தலானார். நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அப்போது விழுந்த விதையாக இருக்க வேண்டும். அது பின்னாளில் வானிலைக் கருவிப் பட்டறையில் மரமாக வளர்ந்தது.

மருத்துவம் படிக்க வேண்டுமென்று முதலில் விரும்பிய அன்னா, இயற்பியலில் தமக்கிருந்த திறமையால் அந்தப் பக்கம் திரும்பினார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் பயின்று 1939ஆம் ஆண்டில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார்.

கிடைக்காத பட்டம்

1940ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் மாணவியாகச் சேர்ந்தார். அங்கே பெண்கள் மிகச் சிலரே இருந்தனர். ஆண் மாணவர்களோடு உட்கார்ந்து விவாதிப்பதற்குக் கூட அன்று எளிதில் இடமில்லை. எனவே பெரும்பாலும் தனித்தே உழைக்க வேண்டியிருந்தது.

வைரமும் மாணிக்கமும் ஒளியை உள்வாங்கி மீண்டும் உமிழும் இயல்பே அவருடைய ஆய்வுப் பொருள். கல்லைத் திரவக் காற்றின் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும். சில வைரங்களின் ஒளி மிக மங்கலானது. நிறமாலை படத்தகட்டில் பதிய 15 மணி முதல் 20 மணி நேரம் வரை ஆகும். இடையில் குளிர் குறைந்தால் அத்தனை உழைப்பும் வீண். இரவெல்லாம் ஆய்வுக்கூடத்திலேயே கண்விழித்துப் பணி செய்தார். 1942க்கும் 1945க்கும் இடையில் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தம் பெயரில் மட்டும் வெளியிட்டார்.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டில் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அந்நாளில் பெங்களூர்க் கழகத்தில் நடந்த ஆய்வுக்குப் பட்டம் வழங்கியது சென்னைப் பல்கலைக்கழகமே. அவர் எம்.எஸ்ஸி. பட்டம் பெறவில்லை என்ற காரணத்தைக் காட்டி டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. ஆனர்ஸ் பட்டமும், ஆராய்ச்சி உதவித்தொகையும், அச்சேறிய ஐந்து கட்டுரைகளும் கணக்கில் எடுத்துக் கொள்ளப்படவில்லை. முழுமை பெற்ற அந்த ஆய்வேடு, பட்டம் பெற்ற மற்றவர்களின் ஆய்வேடுகளோடு சேர்ந்து ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் இடம் பெற்றது. பார்வைக்கு ஒரு வேறுபாடும் கிடையாது. பட்டம் மட்டும் இல்லை.

இதை எண்ணி அவர் மனம் உடைந்து உட்கார்ந்து விடவில்லை. பட்டம் இல்லாததால் தம் வேலைக்கு ஒரு குறையும் நேரவில்லை என்றே கருதினார். வேலையின் மதிப்பு வேலையில் இருக்கிறது, தாளில் இல்லை. இதற்கு அவருடைய பிற்கால வாழ்வே சான்று.

கருவிகளின் பட்டறை

அதே 1945ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று பயிற்சி பெற அரசு உதவித்தொகை கிடைத்தது. அவர் நாடியது இயற்பியல் ஆராய்ச்சி. கிடைத்ததோ வானிலைக் கருவிப் பயிற்சி. வந்த வாய்ப்பை ஏற்றுக்கொண்டு லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்றார். தற்செயலாகத் திறந்த அந்தக் கதவே நாட்டுக்குப் பெரும் பேறாக முடிந்தது.

1948ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் திரும்பிய அன்னா மாணி, பூனாவில் இந்திய வானிலைத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். அன்றைய நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வெப்பமானி, பாரமானி போன்ற எளிய கருவிகள் கூட அயல்நாட்டிலிருந்தே வந்து கொண்டிருந்தன. பிரிவின் தலைவரான எஸ். பி. வெங்கடேசுவரன் தொலைநோக்கு உடையவர். மழைமானியும் காற்றுமானியும் இங்கேயே செய்ய வேண்டுமென்று பட்டறை ஒன்றை வளர்த்து வந்தார். அந்தப் பணியில் அன்னா மாணி முழு மூச்சாக இறங்கினார். 1953ஆம் ஆண்டில் பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருக்குக் கீழே பணியாற்றியவர்கள் 121 ஆடவர். நாடு விடுதலை பெற்று ஆறு ஆண்டுகளே ஆன காலத்தில் இது எவ்வளவு அரிய செய்தி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏறக்குறைய 100 வகைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி உற்பத்தியைத் தொடங்கி வைத்தார். தரப்படுத்துதல் என்பது என்ன? திருவனந்தபுரத்தில் வைத்த மழைமானியும் தில்லியில் வைத்த மழைமானியும் ஒரே அளவான வாய் உடையனவாக, ஒரே முறையில் அளப்பனவாக இருக்க வேண்டும். இல்லையேல் இரண்டு ஊர் மழையையும் ஒப்பிட முடியாது. ஒவ்வொரு கருவியையும் நம்பத்தக்க முதல்தரக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே அனுப்ப வேண்டும். தவறான அளவு இருப்பதை விட அளவே இல்லாமல் இருப்பது மேல் என்பது அவருடைய உறுதியான கொள்கை. அளவு இல்லாதவன் தனக்குத் தெரியாது என்பதையாவது அறிந்திருப்பான். தவறான அளவை வைத்திருப்பவன் தெரியும் என்று நம்பி ஏமாறுவான்.

வெயிலும் தூசியும்

1957ஆம் ஆண்டு ஜூலை முதல் 1958ஆம் ஆண்டு டிசம்பர் வரை உலக நாடுகள் ஒன்றுகூடிச் சர்வதேச பூபௌதிக ஆண்டைக் கொண்டாடின. அதையொட்டி இந்தியாவெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை ஒரு வலையாக அமைக்கும் பொறுப்பை அன்னா மாணி ஏற்றார். முதலில் அயல்நாட்டுக் கருவிகளைக் கொண்டு தொடங்கி, பிறகு அவற்றை இங்கேயே வடிவமைத்தார்.

நம் நாட்டில் வெயிலுக்கா பஞ்சம், அதை ஏன் அளக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சூரியனிடமிருந்து புறப்பட்ட கதிர் முழுவதும் நம் தரைக்கு வந்து சேர்வதில்லை. வழியில் மேகம் தடுக்கிறது, நீராவி விழுங்குகிறது, காற்றில் மிதக்கும் ஏரோசால் என்னும் நுண்துகள்கள் சிதறடிக்கின்றன. பாலைவனப் புழுதி, அடுப்புப் புகை, ஆலைப் புகை, கடல் உப்பு ஆகிய எல்லாம் இதில் அடங்கும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் நம் தெருக்களில் கவிந்து கிடக்கும் மூட்டத்தை நினைத்துக் கொண்டால் போதும். நேராக வரும் கதிரை வடிகட்டிக் கண்ணாடிகளின் வழியே அளந்து, தூய காற்றில் வர வேண்டிய அளவோடு ஒப்பிட்டால், குறைந்த பங்கிலிருந்து காற்று எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று கணக்கிட்டு விடலாம். ஸ்வீடன் நாட்டு ஆங்ஸ்ட்ரம் வகுத்த இந்த முறையைக் கொண்டு இந்திய நகரங்களின் காற்றுக் கலங்கலை அன்னா மாணியும் அவருடைய துறையினரும் ஆராய்ந்தனர். அந்த ஆய்வு 1969ஆம் ஆண்டில் டெல்லஸ் என்ற சர்வதேச இதழில் வெளிவந்தது. காற்று மாசு என்ற சொல் பத்திரிகைகளில் அதிகம் அடிபடாத காலம் அது.

அவர் இட்ட அடித்தளத்தின் பயன் பிறகு தான் தெரிந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் 1981 முதல் 2004 வரை 12 நிலையங்களில் பதிவான கதிர்வீச்சு அளவுகளை எடுத்து ஆராய்ந்த போது, தரைக்கு வரும் வெயில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்திருப்பதைக் கண்டனர். அதற்குக் காற்றில் பெருகிய நுண்துகள்கள் ஒரு முக்கிய காரணம். 1999ஆம் ஆண்டில் மதுரையில் பிறந்த விஞ்ஞானி வீ. ராமநாதன் முதலியோர் இந்தியப் பெருங்கடல் மேல் நடத்திய பேராய்வு, தெற்காசியாவின் புகைமூட்டம் கடலின் மேல் வெகுதூரம் பரவிக் கிடப்பதைக் காட்டியது. பூமியின் வெப்பம், மழை, பயிர் விளைச்சல் ஆகிய அனைத்தையும் இது தொடும். பழைய அளவுகள் நம்பத் தகாதவையாக இருந்திருந்தால் வெயில் குறைந்தது என்பதையே எவரும் மெய்ப்பித்திருக்க முடியாது.

ஓசோனைத் தேடிச் சென்ற பலூன்

1960களில் அன்னா மாணியின் கவனம் ஓசோன் பக்கம் திரும்பியது. ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வாயு. சூரியனின் புறஊதாக் கதிர்களை மேலேயே தடுத்து உயிர்களைக் காப்பது அது. நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டு வந்தால் அதன் கனம் சுமார் 3 மில்லிமீட்டர் தான் இருக்கும். நம்மைப் போன்ற வெப்பமண்டலத்தாருக்கு அதிலும் சற்றுக் குறைவு. அவ்வளவு மெல்லிய குடையின் கீழ் தான் நாம் அனைவரும் வாழ்கிறோம்.

தரையில் இருந்தே மொத்த ஓசோனை அளக்க ஆங்கிலேய விஞ்ஞானி டாப்சன் கருவி கண்டிருந்தார். நமக்கு அருகிலுள்ள கொடைக்கானலில் 1928ஆம் ஆண்டிலேயே டாப்சன் அனுப்பிய கருவியால் ஓசோன் அளக்கப்பட்டது என்பதும் இங்கே நினைவு கூரத்தக்கது. ஆனால் எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்பதை நேரில் அறிய மேலே தான் போக வேண்டும். அதற்கென ஓசோன் சோண்டு என்ற பலூன் கருவியை அன்னா மாணியும் அவருடைய குழுவினரும் இந்தியாவிலேயே உருவாக்கினர்.

இதன் தத்துவம் நம் வேதியியல் வகுப்பிலேயே அடங்கியது. சிறு பம்பு ஒன்று வெளிக் காற்றை இழுத்துப் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் குமிழியிடச் செய்யும். காற்றிலுள்ள ஓசோன் கரைசலிலிருந்து அயோடினை விடுவிக்கும். அதனால் மின்வாய்களுக்கு இடையே சிறு மின்னோட்டம் பாயும். ஓசோன் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். அந்த அளவை ரேடியோ அலையாக்கித் தரைக்கு அனுப்பியபடியே பலூன் 30 கிலோமீட்டர் அளவுக்கு ஏறி, அங்கே வெடித்துப் போகும். கருவி திரும்பி வரும் என்ற உறுதி இல்லை. எனவே விலை மலிவாகவும் இருக்க வேண்டும். அளவு துல்லியமாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே சாதித்தது தான் அவர்களுடைய வெற்றி. திருவனந்தபுரம், பூனா, தில்லி ஆகிய ஊர்களிலிருந்து இக்கருவிகள் விண்ணில் பறந்தன. பிற்காலத்தில் அண்டார்க்டிகாவில் இருந்த இந்திய நிலையத்திலிருந்தும் பறந்தன. சர்வதேச ஓசோன் ஆணையத்தில் அன்னா மாணி உறுப்பினராகவும் விளங்கினார்.

1985ஆம் ஆண்டில் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் பெரிதும் குறைந்து போனதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவித்தபோது உலகம் திகைத்தது. 1987ஆம் ஆண்டில் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவாயிற்று. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் படிப்படியாக விலக்கப்பட்டன. ஓசோன் படலம் இப்போது மெல்ல மெல்லத் தேறி வருகிறது. உலகைக் காத்த அந்த அறிவு எங்கிருந்து வந்தது? பல நாடுகளில், பேரும் புகழும் எதிர்பாராமல், நாள்தோறும் ஓசோனை அளந்து எழுதி வைத்தவர்களிடமிருந்து தான். குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால் முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

காற்றாலைகளுக்கு வழி

1963ஆம் ஆண்டில் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளின்படி தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை ஆய்வு நிலையத்தையும் கருவிக் கோபுரத்தையும் அன்னா மாணி அமைத்துக் கொடுத்தார். 1969ஆம் ஆண்டில் துணைத் தலைமை இயக்குநராகத் தில்லி சென்று, 1976ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது அவரைப் பொறுத்தவரை அலுவலகத்துக்கு மட்டுமே. பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் வருகைப் பேராசிரியராக மூன்றாண்டு இருந்தார். 1980ஆம் ஆண்டையொட்டி இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றி இரு பெரும் நூல்களை வெளியிட்டார். சூரிய சக்தித் திட்டம் தீட்டுவோருக்கு அவை கையேடாயின.

அடுத்துக் காற்றை எடுத்துக் கொண்டார். காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி காற்று வேகத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை இயற்பியல் மாணவர் அறிவர். வேகத்தை அளப்பதில் பத்துக்கு ஒன்று கூடிப்போனால் சக்திக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு கூடிப்போகும். ஆகவே ஊகத்தை நம்பிக் காற்றாலை நட்டால் போட்ட முதல் காற்றோடு போகும். இந்தியாவெங்கும் 700க்கு மேற்பட்ட இடங்களில் காற்றை அளக்கும் பெருந்திட்டத்தை அன்னா மாணி முன்னின்று நடத்தினார். காற்று வேகத்தையும் சூரிய சக்தியையும் அளக்கும் கருவிகளைச் செய்யச் சிறு தொழிற்சாலை ஒன்றையும் பெங்களூரில் நடத்தினார்.

1986ஆம் ஆண்டில் தூத்துக்குடிப் பக்கத்து முள்ளக்காட்டில் சிறிய அளவில் காற்றாலைப் பண்ணை தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி விட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும், நமக்குத் தெற்கே செங்கோட்டைக் கணவாயின் வாயிலிலும் சுழலும் காற்றாடிகளை நாம் பேருந்தில் போகும்போது பார்க்கிறோம். தமிழ்நாட்டின் நூற்பாலைகள் பலவும் காற்றாலை மின்சாரத்தை நம்பி இயங்குகின்றன. மழையை அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறது என்று நாம் குறை சொல்லும் அந்த ஆடிக் காற்று, உண்மையில் வெறுங்கையோடு வரவில்லை.

மறைவு

அன்னா மாணி திருமணம் செய்து கொள்ளவில்லை. எளிய வாழ்வு, மலையேறுவதிலும் பறவைகளைக் காண்பதிலும் பெருவிருப்பம். பெண் என்பதால் பெருமைப்படுத்துவதையோ பரிவு காட்டுவதையோ அவர் விரும்பவில்லை. செய்த வேலையை வைத்தே தம்மை எடை போட வேண்டுமென்று எண்ணினார். 1987ஆம் ஆண்டில் இந்திய தேசிய விஞ்ஞானக் கழகம் அவருக்குக் கே. ஆர். ராமநாதன் பதக்கம் அளித்தது. இந்தியாவில் ஓசோன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பாலக்காட்டுப் பெரியவரின் பெயரால் அமைந்த பதக்கம் அது. 1994ஆம் ஆண்டில் பக்கவாதம் தாக்கியதால் நடமாட்டம் இழந்தார். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார்.

மாணவ நண்பர்களே! சோதனைக் கூடத்தில் விடையை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்றபடி அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் நம்மிடையே இல்லாமல் இல்லை. மதிப்பெண் கிடைத்துவிடும், விஞ்ஞானம் கிடைக்காது. டாக்டர் பட்டம் பெறாத ஒரு பெண்மணியின் எண்களை உலகம் நம்பியது. ஏனெனில் அவர் கருவி காட்டியதை மட்டுமே எழுதினார். கருவியையும் சோதித்த பிறகே நம்பினார். கருவி காட்டியது 9.3 என்றால் 9.8 என்று திருத்தாமல் 9.3 என்றே எழுதி, ஏன் குறைந்தது என்று ஆராயும் மாணவனும் மாணவியும் தான் அன்னா மாணி அம்மையாரின் வழித்தோன்றல்கள்.

நம் மலையின் மேல் மேகம் இனியும் வரும், காற்றும் வரும். ஆனால் பருவம் முன்போல் இல்லை என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கிறோம். எவ்வளவு மாறியிருக்கிறது, எதனால் மாறியது என்று சொல்ல வேண்டிய கடமை படித்த நமக்கு உண்டு. அதற்கு நாம் முதலில் செய்ய வேண்டியது, அளந்து, உள்ளதை உள்ளபடி எழுதி வைப்பதே.